உத்தரவு வந்தது, பயிற்சி எங்கே?

நூறு மாணவர்களும் அதற்கு மேலும் படிக்கும் ஒவ்வொரு கல்வி ஸ்தாபனத்திலும், இளைஞரின் மனநலத்தைப் பேணுவதில் தக்க பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரோ, மனோதத்துவ நிபுணரோ, சமூக ஊழியரோ நியமிக்கப்பட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் உத்தரவிட்டது. ஒரு மாணவியின் மரணத்தைப் பற்றிய வழக்கில் பிறந்த இந்த உத்தரவு பள்ளிக்கூடம், கலாசாலை, தனிப் பயிற்சி நிலையம், விடுதி ஆகிய எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதற்கென்று சட்டம் இயற்றப்படும் வரையில் இதுவே சட்டமாக நிற்கும் என்றும் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. இதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

வரவேற்பதற்குக் காரணம் வேண்டுமானால் கணக்கைப் பார்த்தால் போதும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவின்படி 2022-ம் வருஷத்தில் நம் தேசத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் 1,70,924 பேர். அவர்களுள் மாணவர் 13,044 பேர். நாளொன்றுக்கு முப்பத்தைந்து பேருக்கு மேல் ஆகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தின் தலைமையில், தமிழ்நாடு உட்பட 12 ராஜ்யங்களில் 2015-16-ம் வருஷங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலுள்ள ஆயிரம் பேரில் 73 பேர் ஏதேனும் ஒரு மனநோய்க்கு உட்பட்டிருக்கிறார்கள் என்று கண்டது. ஒரு பெரிய உயர்தரப் பாடசாலையில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நிற்கும் பிள்ளைகளை மனக்கண்ணில் கொண்டுவந்து பார்த்தால் இந்த எண்ணிக்கையின் பொருள் விளங்கும். இரண்டு வகுப்பறைகளை நிரப்பக்கூடிய பிள்ளைகள் வாய் திறவாமல் அந்த வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

உத்தரவு வந்தாகிவிட்டது. அதை நிறைவேற்றும் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்களை யார் தயாரிக்கப் போகிறார்கள் என்பதே இனி எழும் கேள்வி. உத்தரவைக் காகிதத்தில் நிறைவேற்றுவது மிகவும் சுலபம். சரித்திர பாடம் போதிக்கும் ஓர் ஆசிரியரை அழைத்து, இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பி, ஒரு சான்றிதழை வாங்கி, அவர் அறை வாசலில் 'ஆலோசகர்' என்று பலகை மாட்டிவிடலாம். பரிசோதனைக்கு வரும் அதிகாரிக்குப் பலகையும் சான்றிதழும் போதும். துன்பத்தில் இருக்கும் பிள்ளைக்குப் போதுமா? போதாது என்பதை எடுத்துச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நம்மவர்களிடம் துயரத்தோடு ஒரு வாலிபன் வந்தால் நாம் வழக்கமாகச் செய்வதென்ன? உபதேசம் செய்கிறோம். "இதற்கெல்லாம் மனம் தளரலாமா? உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்? அப்பா அம்மாவை நினைத்துப் பார்" என்று சொல்லி அனுப்புகிறோம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் கேட்பவன் மனத்தில் அது வேறு விதமாகப் பதிகிறது. பிறர் தாங்குவதைத் தன்னால் தாங்க முடியவில்லை என்பதும், பெற்றோருக்குத் தானொரு சுமை என்பதும் அவனை முன்னமேயே அரித்துக்கொண்டிருக்கும் எண்ணங்கள். நமது உபதேசம் அவற்றுக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. அடுத்த தடவை அவன் வரமாட்டான்.

இப்படி அரிக்கும் எண்ணங்களையே ஆராய்ந்து அமைந்ததுதான், ஆங்கிலத்தில் 'காக்னிடிவ் பிஹேவியர் தெரபி' என்று வழங்கப்படும் சிகிச்சை. தமிழில் எண்ண-நடத்தைச் சிகிச்சை எனலாம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மனநோய் வைத்தியர் ஆரன் பெக் என்பவர், மனத் தளர்ச்சி கொண்டவர்களின் உள்ளத்தில் தம்மையும், உலகத்தையும், எதிர்காலத்தையும் பற்றிய கசப்பான எண்ணங்கள் தாமாகவே ஓயாமல் எழுந்து வருவதை 1960-களில் கண்டார். 1979-ல் அவரும் அவருடைய சகாக்களும் இம்முறையை ஒரு நூலாக வெளியிட்டார்கள். நூறு வயது வாழ்ந்து 2021-ல் காலமானார் பெக். இன்று உலகில் மிக அதிகமாகப் பரிசோதிக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சை இதுவே.

இதன் போக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு பையன் கணக்கில் தேறவில்லை. 'நான் எதற்கும் உதவாதவன்' என்று அவன் மனம் சொல்கிறது. அவமானத்தால் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிடுகிறான். நண்பர்கள் இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். 'பார், என்னை யாரும் தேடவில்லை' என்று மனம் அதையும் ஒரு ருசுவாக எடுத்துக்கொள்கிறது. எண்ணம் நடத்தையைக் கெடுக்கிறது; கெட்ட நடத்தை எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. இந்தச் சக்கரம் சுழலச் சுழலப் பையன் கீழே போய்க்கொண்டிருக்கிறான்.

பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இந்தப் பையனிடம் 'நீ கெட்டிக்காரன்' என்று வாதாடமாட்டார். அந்தச் சமயத்தில் மனத்தில் ஓடிய வார்த்தைகள் எவை என்று கேட்பார். அவற்றுக்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் ஏதேனும் உண்டா என்று அவனோடு சேர்ந்து தேடுவார். பிறகு ஒரு சிறு பரீட்சை வைப்பார். சனிக்கிழமை மாலை ஒரே ஒரு நண்பனைப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். போவதற்கு முன்னும் வந்த பின்னும் மனம் எப்படி இருந்ததென்று பத்துக்கு இத்தனை என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் அந்தக் குறிப்பிலிருந்து பேச்சு தொடங்கும். உண்மையைப் பையன் தானே கண்டுபிடிக்கிறான். பிறர் சொல்லிக் கேட்டதை மனம் தள்ளிவிடும். தானாகக் கண்டதை அத்தனை எளிதாகத் தள்ளாது.

வெள்ளம், விபத்து, தாய் தந்தையரின் மரணம், பலாத்காரம் முதலியவற்றால் அடிபட்ட பிள்ளைகளுக்கு இதே முறையை வேறொரு விதமாக அமைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜூடித் கோஹன், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகிய மூவர் வகுத்த முறை அது. அதில் ஒரு வரிசை உண்டு. நடந்தது பிள்ளையின் குற்றமல்ல என்பதையும், பயமும் கெட்ட கனவும் வருவது இயல்பென்பதையும் முதலில் விளக்குவார்கள். உடலைத் தளர்த்தி மூச்சைச் சீராக்கவும், உணர்ச்சிகளைப் பெயரிட்டுச் சொல்லவும் கற்பிப்பார்கள். இவையெல்லாம் கைவந்த பிறகே, நடந்த சம்பவத்தைச் சிறிது சிறிதாகச் சொல்லவோ எழுதவோ செய்வார்கள். பெற்றோருக்கும் தனியே பாடம் உண்டு. கடைசியில் பிள்ளையையும் பெற்றோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைப்பார்கள். வரிசை தெரியாத ஒருவர் முதல் நாளே "என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொல்" என்று பிள்ளையை வற்புறுத்தினால் ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறியதாகவே முடியும். பயிற்சியின் அவசியம் இங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது.

இப்பயிற்சி எப்படி அமைய வேண்டும்? புத்தகத்தைப் படித்தால் போதும், பிரசங்கத்தைக் கேட்டால் போதும் என்பவர்களுக்கு 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி பதில் சொல்லியிருக்கிறது. தொழில் நடத்திக்கொண்டிருந்த 78 சிகிச்சையாளர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையினருக்குப் புத்தகம் மட்டும் கொடுத்தார்கள். மற்றொரு வகையினருக்குப் புத்தகத்தோடு இணையப் பாடமும் கொடுத்தார்கள். மூன்றாம் வகையினருக்குப் புத்தகத்தோடு மூன்று நாள் வகுப்பும், அதன் பிறகு அவர்கள் செய்யும் சிகிச்சையைக் கேட்டுத் திருத்தும் மேற்பார்வையும் அளித்தார்கள். செய்து காட்டச் சொன்னபோது, புத்தகம் மட்டும் பெற்றவர்களைவிட மேற்பார்வை பெற்றவர்களின் கைத்திறமை தெளிவாக மேம்பட்டிருந்தது. இதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. சங்கீதமும் தச்சுவேலையும் நாட்டு வைத்தியமும் நம் ஊர்களில் எப்படிக் கற்பிக்கப்பட்டன? குருவின் எதிரே சிஷ்யன் செய்து காட்டினான். குரு பிழையைச் சுட்டினார். சிஷ்யன் மறுபடி செய்தான். மனச் சிகிச்சையும் அந்த இனத்தைச் சேர்ந்த வித்தைதான்.

பிழையைச் சுட்டுவதற்கு அளவுகோலும் உண்டு. நோயாளியின் சம்மதத்தோடு பதிவு செய்த ஒரு சந்திப்பை மேற்பார்வையாளர் கேட்டு, 11 அம்சங்களில் ஒவ்வொன்றுக்கும் 6 மார்க்கு வரை போடுவார். அன்றைய பேச்சுக்கு இருவருமாகச் சேர்ந்து நிகழ்ச்சி நிரல் அமைத்தார்களா? நோயாளி சொன்னதைச் சிகிச்சையாளர் சரியாகப் புரிந்துகொண்டாரா? கேள்விகளால் வழி காட்டினாரா, அல்லது தாமே முடிவைச் சொல்லிவிட்டாரா? வீட்டு வேலை கொடுத்தாரா, சென்ற வாரம் கொடுத்ததை விசாரித்தாரா? மொத்தம் 66-க்கு 40 வாங்கினால் தேர்ச்சி என்பது பல ஆராய்ச்சிகளில் வழக்கம். இங்கிலாந்தில் 2008-ல் சர்க்கார் பெரும் அளவில் சிகிச்சையாளர்களைத் தயாரிக்கத் தொடங்கியபோது, படிக்கும் வருஷத்திலேயே அவர்களை வேலையிலும் அமர்த்தி, வாரந்தோறும் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்க்கச் செய்தார்கள். 2011 முதல் இளைஞர்களுக்கான பிரிவையும் அதே வழியில் ஆரம்பித்தார்கள்.

"இது பணக்கார தேசத்துக் கதை. எம்.பில்., எம்.டி. படித்தவர்களே நம்மிடம் சொற்பம். ஒவ்வொரு பள்ளிக்கும் எங்கே போவது?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஏழை தேசங்களிலேயே இதற்குப் பதில் கிடைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டின் தலைநகரான லுஸாக்காவில், அநாதைகளும் ஆதரவற்றவர்களுமான 257 சிறுவர் சிறுமியரைக் கொண்டு நடந்த பரீட்சையின் முடிவு 2015-ல் வெளியாயிற்று. சிகிச்சை செய்தவர்கள் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர். நாம் முன்னே சொன்ன வரிசை முறையில் பயின்ற உள்ளூர் ஆலோசகர்கள். வழக்கமான உதவி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் அதிர்ச்சியின் அறிகுறிகள் 21.1 சதவிகிதமே குறைந்தன. சிகிச்சை பெற்றவர்களிடம் 81.9 சதவிகிதம் குறைந்தன. இந்த வெற்றியின் ரகசியம் வகுப்பில் இல்லை. வகுப்பு முடிந்ததும் ஆலோசகர்கள் சிறு குழுக்களாகக் கூடி ஒத்திகை பார்த்தார்கள். உள்ளூர் மேற்பார்வையாளர் அவர்களை வாரந்தோறும் சந்தித்தார். அந்த மேற்பார்வையாளரோ வெளியூர் நிபுணரோடு விடாமல் தொடர்பு வைத்திருந்தார்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் கோவாவையே பார்க்கலாம். சங்காத் என்னும் ஸ்தாபனம், மனநலத்தில் முன் படிப்பு எதுவுமில்லாத சாதாரண ஜனங்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனத் தளர்ச்சி கொண்ட வயதுவந்தோருக்கு உதவச் செய்தது. ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள்; சோம்பிக் கிடக்கும் மனத்தைச் செயலின் வழியே மீட்கும் எளிய முறை. 495 பேரிடம் நடந்த பரீட்சையின் முடிவு 2017-ல் வெளிவந்தது. மூன்று மாதங்களில் குணமடைந்தோர் இவர்களுள் நூற்றுக்கு 64 பேர். மற்றவர்களுள் 39 பேர். இங்கும் ஆலோசகர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, மார்க்குப் போட்டு, குழுவாக உட்கார்ந்து திருத்திக்கொண்டார்கள். இதே ஸ்தாபனம் டில்லியின் சர்க்கார் பள்ளிகள் ஆறில், 251 மாணவர்களிடம், பிரச்னையைப் பகுத்துத் தீர்வு காணும் முறையைப் பட்டமில்லாத ஆலோசகர்களைக் கொண்டு நடத்திப் பார்த்தது. 2020-ல் முடிவு வெளியாயிற்று. மாணவர்கள் தமக்கு முக்கியமென்று தாமே சொன்ன தொல்லைகள், புத்தகம் மட்டும் பெற்றவர்களைவிட ஆலோசகரைச் சந்தித்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தன. ஆனால் பொதுவான நோய்க்குறிகளில் ஆறு வாரத்தில் தெளிவான வித்தியாசம் காணவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சஞ்சீவி மருந்து கிடைத்துவிட்டதென்று நாம் பறைசாற்ற வரவில்லை. அமெரிக்காவில் கடுமையான மனத் தளர்ச்சி கொண்ட 439 இளைஞர்களிடம் நடந்து 2004-ல் வெளியான பெரிய பரீட்சையில், பன்னிரண்டு வாரத்தில் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தே மிகுந்த பலன் தந்தன. பேச்சுச் சிகிச்சை தனியே அந்த வேகத்தில் பலிக்கவில்லை. பின்னால் மாதங்கள் செல்லச் செல்லத்தான் அது மருந்துக்குச் சமமாக வந்தது. ஆகவே எந்தப் பிள்ளையைத் தாமதமின்றி வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிவது பயிற்சியின் முதற் பகுதி. இலங்கையின் வடபகுதியில், யுத்தத்தின் நடுவே வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகள் 399 பேரிடம் பள்ளிகளிலேயே குழுவாக இதே வகைப் பயிற்சியை நடத்திய ஆராய்ச்சி 2012-ல் வெளியாயிற்று. சில அம்சங்களில் ஆண் பிள்ளைகள் பலன் பெற்றார்கள். பெண் பிள்ளைகளிலோ, பயிற்சிக்கு வந்தவர்களின் அதிர்ச்சிக் குறிகள் வராமல் காத்திருந்தவர்களைவிடக் குறைவாகவே தணிந்தன. நம் மொழி பேசும் பிள்ளைகளிடம் கிடைத்த இந்தப் பாடத்தை நாம் மறக்கக்கூடாது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கூட்டமாக உட்காரவைத்து ஒரே பாடத்தை நடத்துவதால் நன்மை மட்டுமே விளையும் என்று எண்ணக்கூடாது. தீங்கும் விளையலாம், விளைகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் அளந்து பார்க்கத் தெரியவேண்டும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. இச்சிகிச்சையின் அஸ்திவாரமே, எண்ணம் வேறு, உணர்ச்சி வேறு என்று பிரித்தறிவது. ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பயின்றவர் நம் கிராமத்துப் பெண்ணிடம் "இப்போது உன் உணர்ச்சி என்ன?" என்று கேட்டால், அவள் "ஒரு மாதிரியா இருக்கு" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குள் துக்கமும் பயமும் வெட்கமும் கோபமும் ஒளிந்திருக்கும். மற்றொருத்தி "நெஞ்சு பாரமா இருக்கு", "வயிற்றைப் பிசையுது" என்று உடம்பின் மேல் வைத்துச் சொல்வாள். 'தலையெழுத்து' என்று ஒருவன் சொன்னால், அது ஆறுதலாகச் சொன்னதா, நம்பிக்கை இழந்து சொன்னதா என்று தொனியால் அறியவேண்டும். இந்த நுட்பங்களைத் தமிழிலேயே சிந்தித்து, தமிழிலேயே ஒத்திகை பார்த்து, தமிழிலேயே திருத்தம் பெற்றவரால்தான் கைக்கொள்ள முடியும். பயிற்சி நூலும், மார்க்குப் போடும் அளவுகோலும், மேற்பார்வையும் தமிழில் இருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது பாஷாபிமானத்தால் மட்டும் அல்ல. இல்லாவிட்டால் வேலை நடக்காது.

மற்றோர் ஆட்சேபம் நம் அரசியல் நண்பர்களிடமிருந்து வரும். "பிள்ளையை வாட்டுவது பரீட்சையும், கடனும், ஜாதி இழிவும், ஆசிரியரின் பிரம்பும். அவற்றை விட்டுவிட்டுப் பிள்ளையின் எண்ணத்தைத் திருத்தப் போகிறீர்களா?" என்பார்கள். இந்தக் கேள்வியை நாம் மிகவும் மதிக்கிறோம். விடுதியில் ஜாதிப் பெயர் சொல்லி ஏசப்படும் மாணவனிடம், 'உன் எண்ணத்துக்கு ஆதாரம் என்ன?' என்று கேட்பது சிகிச்சை அல்ல. கொடுமைக்குத் துணை போவதாகும். நல்ல பயிற்சி இந்த வேறுபாட்டைத்தான் கற்பிக்கிறது. எண்ணம் உண்மையைத் திரிக்கும்போது எண்ணத்தை ஆராயவேண்டும். எண்ணம் உண்மையாகவே இருக்கும்போது பிரச்னையைத் தீர்க்கவேண்டும். அதற்குத் தலைமை ஆசிரியரையோ, வேண்டுமானால் போலீஸையோ அணுகத் தயங்கக்கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அறிவித்தே தீரவேண்டும் என்று 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் விதிக்கிறது. ஆகவே எதை ரகசியமாக வைப்போம், எதை வைக்க இயலாது என்று பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுவதும் ஆலோசகர் கற்கவேண்டிய பாடம்.

சர்க்கார் செய்யவேண்டியதை நான்கு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஜில்லாவிலும் சர்க்கார் வைத்தியக் கல்லூரியின் மனநோய்ப் பிரிவோடு சேர்த்து ஒரு பயிற்சி நிலையம் அமைக்கவேண்டும். சில நாள் வகுப்புக்குச் சான்றிதழ் வழங்குவதை நிறுத்தி, ஒரு வருஷ காலம் மேற்பார்வையின் கீழ் வேலை செய்து, பதிவு செய்த சந்திப்புகளால் தேர்ச்சி காட்டியவர்களுக்கே அதை வழங்கவேண்டும். மேற்பார்வையாளருக்கென்று தனிச் சம்பளமும் தனி நேரமும் ஒதுக்கவேண்டும்; அது உபரி வேலையாக எவர் தலையிலும் கட்டப்படலாகாது. தேர்ச்சி பெற்ற பிறகும் மாதம் இருமுறையாவது மேற்பார்வை தொடரவேண்டும். ஏனென்றால் பழகாத வித்தை மறந்துபோகும், திருத்தப்படாத வித்தை கோணிப்போகும்.

நமது வாசகர்களில் பலர் பெற்றோர்கள். பள்ளி நிர்வாகக் குழுக்களிலும் ஸ்தல ஸ்தாபனங்களிலும் பொறுப்பு வகிப்பவர்கள். நாளையே உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆலோசகர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா? அவர் எத்தனை காலம், எவரிடம் பயின்றார்? இப்போது அவருடைய வேலையைக் கேட்டுத் திருத்துபவர் யார்? முதற் கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் எளிதில் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரையில் விடாதீர்கள்.

அதுவரையில் துன்பத்தில் இருக்கும் பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய சர்க்காரின் டெலி-மானஸ் உதவி 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. வீட்டில் ஒருவன் பேச்சைக் குறைத்து, உணவைக் குறைத்து, விளையாட்டை மறந்து மூலையில் உட்கார்ந்தால், உபதேசத்தை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். "என்ன நினைச்சுக்கிட்டிருக்கே?" என்று கேளுங்கள். கேட்டபின் அவன் பேசி முடிக்கும் வரையில் பொறுத்திருங்கள். சிகிச்சை செய்வதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். இவ்வளவு செய்வதற்கு அன்பும் பொறுமையும் போதும்.